கூப்பிட்டால் திரும்பாதே

லிங்கராஜபுரத்தில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெய்லரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடச் சீருடை மட்டும் தைப்பார். யாராவது ஜாக்கெட் துணியோடு வந்து நின்றால் மெயின் ரோட்டில் இருந்த இன்னொரு கடையைக் கை காட்டிவிடுவார். சீருடை வேலை இல்லாத மாதங்களில் ஒரு கார்மெண்ட் கம்பெனிக்கு வீட்டிலிருந்தபடி பட்டன் கட்டிக் கொடுத்தார். ஏப்ரல் முடிகிற வாரத்தில் தையல் மிஷினின் உறை கழலும். அன்றிலிருந்து பள்ளிகள் திறக்கும்வரை அந்த வீட்டுக்குப் பிள்ளைகள் வந்துகொண்டே இருப்பார்கள். வந்த மாதிரியே திரும்பிப் போகமாட்டார்கள்.

என் வீட்டுக் கதவு அவர் கதவுக்கு நேர் எதிரே. ஒரு தமிழ் நாளிதழின் பெங்களூர் அலுவலகத்தில் எனக்கு மாலை வேலை. பகலில் வீட்டில் இருந்ததால் மே மாதங்களில் நடந்ததையெல்லாம் பார்க்க முடிந்தது.

அவர் முன்னறையில் உயரமான ஒரு மர ஸ்டூல் இருந்தது. தைத்த உடுப்பை அளவு சரிபார்க்கப் பிள்ளையை அதன்மேல் ஏற்றி நிறுத்துவார். கழுத்தில் டேப், வாயில் நாலைந்து குண்டூசி. தோள், இடுப்பு, கீழ் மடிப்பு என்று ஒவ்வொரு இடமாகக் குத்திக்கொண்டே வருவார். குண்டூசி குத்திய உடுப்புக்குள் இருக்கும் பிள்ளை மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கும். அந்த நேரத்தைத்தான் அவர் பாடத்துக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்.

"ஹெசரு ஏனு?" என்று கன்னடத்தில் பெயர் கேட்பார். பிள்ளை சொல்லும்.

"தரையப் பாத்து சொல்லாதே. என் மூஞ்சியப் பாரு. டிபன் பாக்ஸ்ல என்ன?"

"புளி சாதம்."

"புளியோகரே."

"புளியோகரே."

"வீட்ல என்ன பாஷை பேசுவீங்கன்னு மிஸ் கேட்டா?"

"எல்லா பாஷையும்."

"ரோட்ல யாராவது தமிழ்ல கூப்ட்டா?"

"திரும்பமாட்டேன்."

"கூப்ட்டது யாருன்னு கேட்டா?"

"கொத்தில்ல."

தெரியாது என்பதற்குக் கன்னடம் அது. அந்த ஒரு சொல்லை மட்டும் அவர் பலமுறை சொல்லவைப்பார். வேகமாகச் சொன்னால் பொய் மாதிரி இருக்கிறது என்பார். இழுத்துச் சொன்னால் பயந்த மாதிரி இருக்கிறது என்பார். சரியாக வந்த பிறகுதான் அடுத்த குண்டூசி.

ஒரு துடுக்கான பையன் ஒருமுறை கேட்டான். "எங்கம்மா கூப்ட்டா, ஆண்ட்டி?"

"உங்கம்மாவும் யாராவதுதான். அசையாதே."

பள்ளி திறக்க ஒரு வாரம் இருக்கும்போது பிள்ளைகளின் பைகளையும் கொண்டுவரச் சொல்வார். தமிழ் நாட்காட்டித் தாளில் அட்டை போட்ட புத்தகங்களைப் பிரித்து ப்ரவுன் பேப்பரில் புதிதாக அட்டை போடுவார். ஒருவனுடைய பென்சில் பெட்டியில் தமிழ் நடிகர் ஒருவரின் படம் ஒட்டியிருந்தது. மிஷின் எண்ணெயைத் தொட்டுத் தொட்டு அதைச் சுரண்டி எடுத்தார்.

"தலைவர் மூஞ்சிய ஏன் ஆண்ட்டி சொரண்டறீங்க?"

"உங்க தலைவரு மெட்ராஸ்ல நல்லாத்தான் இருப்பாரு. நீ இங்க நல்லா இரு."

துணியை வெட்டுமுன் காகிதத்தில் மாதிரி வெட்டிக்கொள்வார். அதற்குப் பழைய செய்தித்தாள் வேண்டும் என்று அவர் தேடியபோது, என் அலுவலகத் தமிழ்ப் பேப்பர்களை ஒரு கட்டாகக் கொண்டுபோய் வைத்தேன். அவர் தொடவில்லை.

"இது வேணாம் சார். இங்கிலீஷ் பேப்பர் இருந்தா குடுங்க. கன்னடப் பேப்பரும் பரவால்ல."

"வெட்டறதுக்குத்தானேம்மா?"

"வெட்டினதச் செவுத்துலதானே மாட்டணும். கதவு தெறந்திருந்தா ரோட்ல போறவனுக்குத் தெரியுது."

ரோட்டில் போகிறவர் யாரும் அந்தக் கதவுக்குள் எட்டிப் பார்த்து நான் கண்டதில்லை. எங்கள் வரிசையின் முதல் வீட்டில் ஜயம்மா என்ற கன்னடக்கார அம்மாள் இருந்தார். அவர் பேத்தியும் டெய்லரம்மாவிடம்தான் உடுப்புத் தைத்துக்கொண்டாள். ஸ்டூல் பாடத்தை ஒருநாள் வாசலில் நின்று கேட்டுவிட்டு, "யாக்ரீ, மக்களன்ன யாரு திந்துபிடுத்தாரெ?" என்று சிரித்தார். பிள்ளைகளை யார் தின்றுவிடப் போகிறார்கள் என்று அர்த்தம். டெய்லரம்மாவும் சிரித்து, உள்ளேயிருந்து காபி கொண்டுவந்து கொடுத்தார். ஜயம்மா போன பிறகு பாடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

பெற்றோர்கள் அவரிடம் நன்றியோடு இருந்தார்கள். அதையும் சொல்ல வேண்டும். வீடுகளில் பாத்திரம் தேய்ப்பவர்கள், பெயிண்ட் அடிப்பவர்கள், கார்ப்பரேஷனில் கூலி வேலை செய்பவர்கள் என்று எங்கள் வரிசையில் இருந்தவர்களுக்குத் தங்கள் பிள்ளையை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்ப்பதுதான் வருஷத்தின் பெரிய காரியம். பள்ளியில் பிள்ளையைக் கேள்வி கேட்டுப் பார்த்துத்தான் இடம் கொடுப்பார்கள். டெய்லரம்மாவின் ஸ்டூலில் நின்ற பிள்ளை எதுவும் அந்த நாளில் திணறியதில்லை. அவர் தைத்த பினோஃபார் வருஷம் முழுக்கத் தாங்கியது. பிள்ளை வளர வளரப் பிரித்துவிட உள்ளே அகலமான மடிப்பு வைத்திருப்பார். அந்த மடிப்பு வெளியே தெரியாது.

அவர் லிங்கராஜபுரத்துக்காரர் அல்ல. ஊரின் மேற்கே, மாகடி ரோட்டை ஒட்டி எங்கோ இருந்தவர். 1991இல் காவிரித் தண்ணீரை வைத்து நடந்த கலவரத்துக்குப் பிறகு இங்கே வந்தார் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். மிச்சத்தை அவர் என்னிடம் ஒரு மே மாதப் பிற்பகலில் சொன்னார். மழை பிடித்துக்கொண்டது, கரண்ட் இல்லை. என் சட்டைக் காலரைத் திருப்பித் தைத்துக் கொடுப்பது அவர் எனக்குக் காட்டிய ஒரே சலுகை. நான் அதற்காகக் காத்திருந்தேன். கதவோரத்து வெளிச்சத்தில் கையால் தைத்துக்கொண்டே பேசினார்.

"எங்க கடைக்கு போர்டு இல்ல சார். அவரு வெக்கல. தெருவுல வரிசையா ஷட்டரு, எல்லாம் எறக்கியிருக்குது. எது யாருதுன்னு வந்தவங்களுக்குத் தெரியாது. என் பையன் வீட்டு வாசல்ல நின்னுட்டு இருந்தான். ஒருத்தன் வந்து, புட்டான்னு செல்லமாக் கூப்ட்டு, உங்கப்பா கடை எதுன்னு கேட்டிருக்கான். நல்லாத்தான் கேட்டிருக்கான், கன்னத்தத் தட்டி. இவன் கையக் காட்டிட்டான்."

"சின்னப் பையன்தானே" என்றேன்.

"பெரியவங்க கேட்டா மரியாதையா பதில் சொல்லணும்னு நான்தான் சொல்லிக் குடுத்திருந்தேன்." நூலைப் பல்லால் கடித்தார். "ஷட்டருக்கு உள்ள அவரு இருந்தாரு. துணியெல்லாம் போட்டது போட்டபடி கிடக்கு, பாத்துக்கறேன்னு போனவரு. பொங்கல் வரைக்கும் ஆஸ்பத்திரில இருந்தாரு. அப்பறம் போயிட்டாரு."

மகன் ஓசூரில் சித்தப்பா வீட்டில் இருப்பதாகச் சொன்னார். பாலிடெக்னிக் படிக்கிறானாம். இங்கே வருவதில்லை. இவர்தான் போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

"பேசுவானா?"

"சாப்ட்டியான்னு கேட்டா சாப்ட்டேன்னு சொல்வான்."

சட்டையை என் கையில் கொடுத்தபோது, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் ஒன்று சொன்னார். "பொய் சொல்லாதே, பெரியவங்கள மதின்னு எல்லாரும் சொல்லிக் குடுக்கறாங்க சார். தெரியாதுன்னு சொல்ல யாரும் சொல்லிக் குடுக்கறதில்ல."

அதற்குப் பிறகு அந்த ஸ்டூலைப் பார்க்கும்போது எனக்கு இரண்டு விதமாகவும் தோன்றும். அவர் செய்வது சரி என்று தோன்றும் நாளில்கூட அந்தப் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கப் பிடிக்காது.

வரிசையின் கடைசி வீட்டில் ஏழுமலை இருந்தார். திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர். பெயிண்டர். மனைவி மல்லிகா காக்ஸ் டவுனில் வீட்டு வேலை செய்தார். ஒரே பெண். பெயர் தமிழரசி, வீட்டில் தமிழு. 2000ஆம் வருஷம் அவளுக்கு ஆறு வயது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பள்ளியில் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று ஏழுமலை நின்றார். அளவு கொடுக்க வந்த அன்றே டெய்லரம்மா பேச்சை ஆரம்பித்தார்.

"பேர மொத்தமா குடுக்காதே ஏழுமலை. முன்னாடி இருக்கறத எடுத்துட்டு அரசின்னு குடு."

"நான் வெச்ச பேரு அது, அக்கா. பாதிய வெட்டிட்டா மீதி யாருக்கு?"

"சட்டை பெருசா இருந்தா வெட்டறோமில்ல?"

"சட்ட வேற, புள்ள வேறக்கா."

"உனக்குப் புள்ளையச் சேக்கணுமா, பேர்ப்பலகை மாட்டணுமா?"

ஏழுமலை முழங்கையில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே சிரித்தார். "இன்னாக்கா நீ, வக்கீலுக்குப் படிச்சிருக்கலாம்."

பள்ளியில் அரசி என்றே கொடுத்தார். வீட்டில் தமிழு என்றே கூப்பிட்டார். அதில் அவருக்குச் சிக்கல் எதுவும் தெரியவில்லை.

அந்தக் குழந்தை நன்றாகக் கற்றுக்கொள்ளும் குழந்தை. ஸ்டூலில் அவள் நின்ற விதம் எனக்கு நினைவிருக்கிறது. மற்றப் பிள்ளைகள் குண்டூசிக்குப் பயந்து நிற்பார்கள். அவள் டெய்லரம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டூசிகளுக்கு நடுவே வருகிற சொல்லை அப்படியே பிடித்துக்கொண்டாள். இரண்டு வாரத்தில் ஜயம்மாவின் பேத்திக்கும் இவளுக்கும் பேச்சில் வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பள்ளி திறப்பதற்குமுன் ஒரு பரீட்சையும் உண்டு. பிள்ளையை முனையில் இருக்கும் பேக்கரிக்குப் பன் வாங்க அனுப்புவார். அது திரும்பி வரும்போது பின்னாலிருந்து யாராவது வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தமிழில் கூப்பிட வேண்டும். திரும்பினால் தோல்வி. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. பெண்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

தமிழரசியின் முறை வந்தபோது டெய்லரம்மா, "நீயே கூப்பிடு மல்லிகா" என்றார்.

மல்லிகா குழந்தையை முன்னால் போகவிட்டு, "தமிழு" என்றார். குழந்தை பன்னைப் பிடித்தபடி நடந்தது. "தமிழு, அடியே." நடந்தது. வாசலில் சிரித்தார்கள். மல்லிகாவும் சிரித்தார். "கழுதைக்குத் திமிரப் பாரேன்" என்றார். பிறகு இன்னொரு முறை கூப்பிட்டார். இந்த முறை அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெயரைச் சொல்லவில்லை, "அம்மாடி" என்று மட்டும் சொன்னார். குழந்தை எங்கள் வரிசையின் பொதுக் கேட்டுக்குள் வந்து, டெய்லரம்மாவின் எதிரே வந்த பிறகுதான் நின்றது.

"பாஸு" என்று டெய்லரம்மா அவளுக்கு ஒரு ரிப்பன் கொடுத்தார்.

ஜூனில் பள்ளி திறந்தது. ஜூலை முடியும்போது, காட்டில் ஒளிந்திருந்த கொள்ளைக்காரன் கன்னடத்தின் மிகப் பெரிய நடிகரைக் கடத்திப் போய்விட்டான் என்ற செய்தி ஒரு காலையில் வந்தது. கொள்ளைக்காரன் தமிழ் பேசுகிறவன். சற்று நேரத்தில் கடைகளின் ஷட்டர்கள் இறங்கின. பஸ்கள் டிப்போவுக்குத் திரும்பின. பள்ளிகளில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

பள்ளி வாசலில் நடந்ததை நான் பார்க்கவில்லை. பள்ளியின் வாட்ச்மேன், ஏழுமலை, எங்கள் வரிசைப் பிள்ளை ஒன்று ஆகியோரைத் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒரே மாதிரி சொன்னதை இங்கே எழுதுகிறேன்; ஒருவர் மட்டும் சொன்னதை அவர் சொன்னதாகவே எழுதுகிறேன்.

கேட்டுக்கு வெளியே பெற்றோர்கள் நெருக்கியடித்து நின்றார்கள். உள்ளே ஒரு டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகக் கேட்டுக்கு அருகே கொண்டுவந்து, உன்னைக் கூப்பிட வந்தது யார் என்று கேட்பார். பிள்ளை கை காட்டும். காட்டப்பட்டவரிடம் பிள்ளையை விடுவார்கள். அன்றைய நிலையில் பள்ளிக்காரர்கள் எடுத்துக்கொண்ட எச்சரிக்கை அது. அதில் தவறு சொல்ல எதுவும் இல்லை.

ஏழுமலை கல்யாண் நகரில் ஒரு வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவர். செய்தி கேட்டு, இருந்த கோலத்தில் சைக்கிளில் வந்துவிட்டார். தலையெல்லாம் வெள்ளை. மகள் கேட்டுக்கு அருகே வந்ததும் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து கையைத் தூக்கிக் கத்தினார்.

"தமிழு! தமிழு, இங்க பாரு, அப்பா இங்க கீறேன்."

அந்த நாளில், அந்த வாசலில், அந்தப் பெயர். கூட்டம் சட்டென்று அடங்கியதாக வாட்ச்மேன் சொன்னார். முன்னால் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீச்சரும் பார்த்தார். குழந்தை மட்டும் பார்க்கவில்லை.

டீச்சர் குனிந்து, இவர் உன் அப்பாவா என்று கன்னடத்தில் கேட்டார். அப்போதுதான் அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"கொத்தில்ல, மிஸ்."

வேகமாகவும் சொல்லவில்லை, இழுத்தும் சொல்லவில்லை.

ஏழுமலை முதலில் சிரித்திருக்கிறார். "ஏய், இன்னா வெளையாட்டு இது. வா" என்று கம்பிக்குள் கையை விட்டார். குழந்தை ஓர் அடி பின்னால் போனாள். டீச்சர் மறுபடி கேட்டார். அவள் மறுபடி அதையே சொன்னாள். யாரோ ஏழுமலையின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தார்கள். பிள்ளை பிடிக்கிறவன் என்று ஒரு குரல். நீ யார், எந்த ஊர் என்று இன்னொரு குரல். பதினைந்து வருஷமாக இந்த ஊரில் வேலை செய்கிறவர் ஏழுமலை. மேஸ்திரிகளோடு கன்னடத்தில் சண்டையே போடுவார். அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை என்றார் என்னிடம். வந்ததெல்லாம் தமிழாகவே வந்தது.

அந்த நேரத்தில்தான் டெய்லரம்மா வந்தார். மற்ற அம்மாக்கள் வேலை செய்யும் வீடுகளிலிருந்து திரும்பாததால், எங்கள் வரிசைப் பிள்ளைகளைக் கூட்டிப்போக அவரே நடந்து வந்திருந்தார். பிள்ளைகள் ஒவ்வொன்றாக அவரைக் கை காட்டின. தமிழரசியும் காட்டினாள். டீச்சருக்கு அவரைத் தெரியும். பாதிப் பள்ளிக்கு உடுப்புத் தைத்தவர்.

"இந்த ஆளை உங்களுக்குத் தெரியுமா?" என்று டீச்சர் கன்னடத்தில் கேட்டார்.

"அக்கா" என்றார் ஏழுமலை. "சொல்லுக்கா."

எல்லோரும் டெய்லரம்மாவைப் பார்த்தார்கள். அவர் அவசரப்படவில்லை. ஏழுமலையின் முகத்தை நன்றாகப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். தன்னைச் சுற்றி நின்ற பிள்ளைகளையும் ஒருமுறை பார்த்தார்.

"கொத்தில்ல" என்றார்.

தமிழரசியின் கையைப் பிடித்துக்கொண்டு, மற்றப் பிள்ளைகளை முன்னால் விட்டு நடந்தார். அவர்கள் ரோட்டுக்குப் போவதற்குள் பின்னால் அடி விழத் தொடங்கிவிட்டது. ஏழுமலை கத்தியது ரோடு வரைக்கும் கேட்டதாம். பிள்ளைகளில் ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்று வாட்ச்மேன் சொன்னார். அதை மட்டும் அவர் இரண்டு தரம் சொன்னார்.

அடித்தவர்கள் கலவரக்காரர்கள் அல்ல. பிள்ளையைக் கூட்டிப்போக வந்த அப்பாக்கள். அவர்களில் ஒருவர் தமிழர் என்பது பின்னால் தெரிந்தது. ஏழுமலையைப் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டார்கள். செய்தி எப்படியோ எங்கள் வரிசைக்கு வந்தது. ஜயம்மாதான் தன் கணவரை இழுத்துக்கொண்டு ஓடினார். எங்கள் பக்கத்து வீட்டு மனிதர், அந்தக் குழந்தையின் அப்பா என்று அவர்கள் சொன்ன பிறகு விட்டுவிட்டார்கள். ஏட்டு ஒருவர் தண்ணீர் கொடுத்தாராம்.

மாலையில் பஸ் இல்லாததால் நான் வேலைக்குப் போகவில்லை. ஏழுமலை வந்து டெய்லரம்மாவின் வாசலில் நின்றார். உதடு கிழிந்திருந்தது. இடது கையைத் துண்டில் தொங்கவிட்டிருந்தார். மல்லிகாதான் பேசினார்.

"மூஞ்சியப் பாத்துக்கினே தெரியாதுன்னு சொல்லிட்டு வந்தியே, நீ ஒரு பொம்பளையா?"

"நான் தெரியும்னு சொல்லியிருந்தா, அங்க என்கூட நின்ன புள்ளைங்கல்லாம் யாரு புள்ளைங்கன்னு தெரிஞ்சிருக்கும்."

"தெரிஞ்சா இன்னா? அங்க நின்னவங்கல்லாம் புள்ளையக் கூப்ட வந்தவங்க. புள்ள பெத்தவங்க."

"இருப்பாங்க. அது வரைக்கும் அப்படித்தான் இருப்பாங்க."

"எது வரைக்கும்?"

மல்லிகா உள்ளே பார்த்துக் குழந்தையைக் கூப்பிட்டார். அவள் கார்மெண்ட் கம்பெனிப் பட்டன்களை நிறம்வாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். எழுந்து வாசலுக்கு வந்தாள். ஏழுமலை கஷ்டப்பட்டு அவள் உயரத்துக்குக் குந்தினார்.

"நான் யாரு? சொல்லு தமிழு."

குழந்தை அவரைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி டெய்லரம்மாவைப் பார்த்தாள். சொல்லலாமா என்று கேட்கும் பார்வை.

"வீட்டுக்குள்ள போய் கேளு ஏழுமலை" என்றார் டெய்லரம்மா. "வாசல்ல வெச்சுக் கேக்காதே."

ஏழுமலை நல்ல கையால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் கதவு சாத்திக்கொண்டது. அவள் என்ன பதில் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் ஊருக்குப் போய்விடுவார்கள், அல்லது குழந்தையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள் என்று நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. நடிகர் காட்டில் இருந்த அந்த மாதங்கள் முழுக்க ஊர் எப்போது என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தது. பள்ளி மறுபடி திறந்ததற்கு முதல் நாள் ஏழுமலையே டெய்லரம்மாவிடம் வந்தார். நான் கதவைத் திறந்துவைத்துச் சவரம் செய்துகொண்டிருந்தேன்.

"இன்னொரு தபா அப்பிடி ஆவாம இருக்க இன்னா பண்ணணும் சொல்லுக்கா."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபத்தை எதிர்பார்த்திருந்த எனக்கு அது இன்னும் சங்கடமாக இருந்தது.

டெய்லரம்மா கையிலிருந்த பட்டன் வேலையை நிறுத்தினார். "நீ கேட்டுக்குப் போகாதே. ரோட்டுக்கு இந்தப் பக்கம் மெடிக்கல் ஸ்டோர்கிட்ட நில்லு. கூப்பிடாதே, கையாட்டாதே. புள்ளைங்கெல்லாம் ஒண்ணா வரும். கொஞ்சம் முன்னாடி போக விட்டுட்டு நீ பின்னாடி நட."

"எவ்ளோ பின்னாடி?"

"யாருக்கும் தோணாத அளவுக்கு."

"ரோடு தாண்டறப்ப?"

"அதுக்குத் தாண்டத் தெரியும். நான் சொல்லிக் குடுத்திருக்கேன்."

ஏழுமலை தலையாட்டினார். வேலைக்குப் போகும் சட்டையைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு, பள்ளி விடும் நேரத்துக்கு வேறு சட்டை மாற்றிக்கொள்ளச் சொன்னார் டெய்லரம்மா. அதற்கும் தலையாட்டினார்.

நடிகர் திரும்பி வந்தார். ஊர் பட்டாசு வெடித்தது. ஜயம்மா வரிசை முழுக்க இனிப்புக் கொடுத்தார். பயப்பட இனி எதுவும் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஏழுமலை மெடிக்கல் ஸ்டோர் அருகே நிற்பதை நிறுத்தவில்லை. நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவும் இல்லை.

நான் அந்த வீட்டைக் காலி செய்வதற்குச் சில நாள் முன்பு, ஒரு பிற்பகலில் டெய்லரம்மா தன் ஜன்னலிலிருந்து என்னைக் கூப்பிட்டார். அவ்வளவு உற்சாகமாக அவர் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"இங்க வந்து பாருங்க சார்."

பார்த்தேன். பள்ளி விட்டுப் பிள்ளைகள் வந்துகொண்டிருந்தார்கள். ஒரே நிறம், ஒரே நீளம், ஒரே நடை. நன்றாகப் பின்னால், சுத்தமான சட்டையில் ஒரு மனிதர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் பிள்ளைகளைப் பார்க்கவில்லை. கடைகளைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"அது அவ அப்பன்னு யாராவது சொல்ல முடியுமா?" என்றார் டெய்லரம்மா.

முடியாதுதான்.

பிள்ளைகள் எங்கள் கேட்டுக்குள் வந்து அவரவர் வீட்டுக்குப் பிரிந்தார்கள். கடைசியாக வந்தது தமிழரசி. ரோட்டில் வேறு யாரும் இல்லை. அவள் திரும்பி நின்று கேட்டைச் சாத்தி, கொக்கியை மாட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தாள். ஏழுமலை வெளியே சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். அவள் உள்ளே போய்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும்வரை நின்றார். பிறகு கம்பிக்குள் கையை விட்டு, கொக்கியைத் தானே கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.